ஸ்லாப் எப்போ பாஸ்?

உங்க வீட்ல கூடிய சீக்கிரம் ஒரு பெரிய சண்டை வரப் போகுது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும். காரணம்? டைல்ஸ்!

வீடு கட்டற குடும்பம் எதுவும் இந்தச் சண்டையிலேர்ந்து தப்பினதா சரித்திரமே கிடையாது. ஹாலுக்கு வெள்ளையா, ஐவரியா? கிச்சன் மேடைக்கு கறுப்பு கிரானைட்டா, வேற கலரா? பூஜை ரூம் ஈசானி மூலையில வருதா, வரலையா? ராத்திரி பதினொரு மணி வரைக்கும் விவாதம் நடக்கும். கோயமுத்தூர்லேர்ந்து சித்தப்பா போன்ல கலந்துக்குவார். உங்களை மட்டும் யாரும் கேட்க மாட்டாங்க. "உனக்கென்ன தெரியும், போய்ப் படிக்கிற வேலையைப் பாரு!"

ஆனா, ரெண்டே ரெண்டு விஷயத்துல உங்களைத் தவிர அந்த வீட்ல யாரும் வாயைத் திறக்கப் போறதில்லை. ஒண்ணு, மொட்டை மாடித் தளத்துக்கு மேல என்ன போடறாங்கங்கறது. இன்னொண்ணு, சுவத்துக்குள்ள என்ன பைப் போகுதுங்கறது. ரெண்டுமே கண்ணுக்குத் தெரியாத சமாசாரம். கிரகப்பிரவேசத்துக்கு வர்றவங்க யாரும், "அடடா, இன்சுலேஷன் பிரமாதம்!"னு சொல்லப் போறதில்லை. அதான் எல்லோரும் மறந்துடறாங்க. ஆனா, மே மாசம் அந்த ரூம்ல வெந்துக்கிட்டே செமஸ்டருக்குப் படிக்கப் போறதும், ஆன்லைன் இன்டர்வியூ நடுவுல நெட் செத்துப் போய்த் திருதிருன்னு முழிக்கப் போறதும் நீங்கதான்!

எப்படித் தெரியும்னு கேட்கறீங்களா? எல்லாம் பட்ட அனுபவம் பாஸ்!

அபிராமபுரத்துல ஒரு வீடு இருந்தது...

ஆழ்வார்பேட்டைக்கும் மந்தைவெளிக்கும் நடுவுல, மாமரமும் கிணறுமா எங்க தாத்தா வீடு. அதோட கூரைக்கு நம்ம ஊர் பேர்தான் – 'மெட்ராஸ் டெரஸ்'. தேக்கு உத்தரம், அதுமேல மரச்சட்டம், அதுமேல சின்னச் செங்கல்லைப் படுக்க வைக்காம, குத்துவாக்குல நிறுத்தி சுண்ணாம்புச் சாந்து போட்டு வரிசையா பிடிப்பாங்க. அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூணு இன்ச் கனத்துக்குக் கொட்டி, கடுக்காய், வெல்லம் ஊறின தண்ணியைத் தெளிச்சு, மரக்கட்டையால தட்டுவாங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, தளம் இறுகுற வரைக்கும்! கடைசியா தட்டோடு. உயரமான ரூம், கனமான கூரை. மத்தியானம் அந்த வீட்ல சிமென்ட் தரையில வெறும் துண்டு விரிச்சுப் படுத்தா, எழுந்திருக்கவே மனசு வராது.

நான் காலேஜ் செகண்ட் இயர் படிக்கும்போது அந்த வீட்டை இடிச்சாங்க. அபிராமபுரத்துல தெருவுக்குத் தெரு நடக்கற கதைதான். நிலம் நம்மது, கட்டறது பில்டர், ஆளுக்குப் பாதி. ஸ்டில்ட் ப்ளஸ் நாலு மாடி. எங்களுக்கு வந்தது நாலாவது மாடி. "மொட்டை மாடியே நமக்குத்தான்!"னு குதிச்சோம்.

முதல் மே மாசம் தெரிஞ்சுது, அது எவ்வளவு பெரிய பரிசுன்னு. ராத்திரி பத்தரை மணி. கட்டில் மேல ஏறி நின்னு சீலிங்ல கை வெச்சுப் பார்த்தேன். சுட்டுது! சூரியன் போய் நாலு மணி நேரம் ஆகியும் தோசைக்கல் ஆறலை. ஃபேன் என்ன பண்ணும் பாவம், மேலேயிருந்து அந்த அனலை எடுத்து நம்ம மூஞ்சியில வீசுச்சு.

அயர்ன் பாக்ஸுக்குக் கீழே படுக்கை!

ஏன் இப்படி? சென்னை இருக்கறது கிட்டத்தட்ட 13 டிகிரி வட அட்சரேகையில. ஏப்ரல் கடைசி வாரத்துலயும், ஆகஸ்ட் நடுவுலயும் மத்தியானத்துல சூரியன் நேரா நம்ம உச்சந்தலைக்கு மேல நிக்கும். அதைத்தான் 'நிழலில்லா நாள்'னு கொண்டாடறோம். நமக்கு நிழல் இல்லைன்னா மொட்டை மாடிக்கும் இல்லைன்னுதானே அர்த்தம்? கோடை முழுக்க வீட்டோட மத்த எல்லாப் பக்கத்தையும்விட வெயில் வாங்கறது கூரைதான். 2003 மே 31-ம் தேதி நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி பதிவாச்சு. அது நிழல்ல அளந்தது! தளத்தோட மேல்பரப்பு அதைவிட எவ்வளவோ மேல போகும்.

இன்ஜினீயரிங் படிக்கறவங்களுக்கு ஒரு குட்டிக் கணக்கு. (ஆர்ட்ஸ் காலேஜ் மக்கள் அடுத்த பாராவுக்கு எஸ்கேப் ஆகலாம்!) வெளியேயும் உள்ளேயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தா, ஒரு சதுர மீட்டர் வழியா எத்தனை வாட் வெப்பம் உள்ளே வருதுங்கறதுதான் 'யூ-வேல்யூ'. ஆறு இன்ச் வெறும் கான்கிரீட் ஸ்லாபுக்கு அது சுமார் 3.3. மேலே மூணு இன்ச் சுண்ணாம்பு ஜல்லி போட்டா 2.5 வாக்குல வரும். மத்திய அரசோட எரிசக்தி சிக்கன அமைப்பு 2018 டிசம்பர்ல 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா'ன்னு வீடுகளுக்கான ஒரு விதித் தொகுப்பு வெளியிட்டது. அது கூரைக்குச் சொல்ற உச்ச வரம்பு 1.2. ரெண்டு இன்ச் எக்ஸ்.பி.எஸ். ஷீட் போட்டா 0.5-க்கே இறங்கிடும்.

இதையே வீட்டு பாஷையில சொல்றேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி ரூம். கூரை மேல 60 டிகிரி சூடு, உள்ளே 35 டிகிரின்னு வெச்சுக்குங்க. வெறும் ஸ்லாப் வழியா தோராயமா 900 வாட் உள்ளே இறங்கும். அதாவது, உங்க தலைக்கு மேல ஒரு அயர்ன் பாக்ஸை ஆன் பண்ணித் தொங்க விட்ட மாதிரி! ஷீட் இருந்தா அது 150 வாட்டுக்குள்ள. பழைய குண்டு பல்பு ரெண்டு எரியற சூடு, அவ்வளவுதான். முதல் கேஸ்ல ஏ.சி.க்கும் வேலை ஜாஸ்தி.

தாத்தா வீட்டுக் கூரையைப் புகழ்ந்தேன் இல்லே? அதுல ஒரு உண்மையையும் ஒத்துக்கணும். அந்தச் சுண்ணாம்பு ஜல்லி மட்டும் பெரிய இன்சுலேஷன் கிடையாது. கனமான கூரை, எட்டாத உயரத்துல சீலிங், எல்லாப் பக்கமும் ஜன்னல், வாசல்ல மாமர நிழல்... எல்லாம் சேர்ந்துதான் அந்தக் குளுமை. இப்போ பத்தடி உயர ரூம்ல மேல மட்டும் ஜல்லியைக் கொட்டிட்டு, "அந்தக் காலத்து டெக்னிக் சார்!"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

என்ன போடலாம்? எக்ஸ்.பி.எஸ்.ங்கறது தெர்மாகோலோட பெரியண்ணன். (2017-ல வைகை அணையில மிதக்க விட்டு நாமெல்லாம் மீம்ஸ் போட்டோமே, அதே தெர்மாகோல்!) சாதா தெர்மாகோல் மணி மணியா இருக்கும், இடுக்குல தண்ணி இறங்கும், லேசா மிதிச்சாலே நசுங்கும். எக்ஸ்.பி.எஸ். அறைகள் எல்லாம் மூடியே இருக்கறதால தண்ணி உறிஞ்சாது, மேல கான்கிரீட் போட்டாலும் தாங்கும். வரிசை முக்கியம். ஸ்லாப், வாட்டம் வெச்ச பூச்சு, வாட்டர்ப்ரூஃபிங், அதுக்கு மேல இந்த ஷீட், அதுக்கு மேல கோழிவலை வெச்ச மெல்லிய கான்கிரீட், கடைசியா வெள்ளை டைல்ஸ் இல்லேன்னா தட்டோடு.

"ரூமுக்குள்ள ஃபால்ஸ் சீலிங் போட்டு மேல பஞ்சு வெச்சுட்டா போச்சு"ன்னு ஒரு கோஷ்டி சொல்லும். வெயில் உங்க மேல படாது, சரி. ஆனா ஸ்லாப் தினமும் வெந்துக்கிட்டுதானே இருக்கும்? குடையைத் தலைக்கு மேல பிடிக்கணுமா, சட்டைக்குள்ள பிடிக்கணுமா, நீங்களே சொல்லுங்க.

சுவத்துக்கும் இதே லாஜிக்தான். மேற்குப் பக்கச் சுவர் எதுன்னு பாருங்க. சாயங்கால வெயில் முழுக்க அதுக்குத்தான். அந்தப் பக்கம் மட்டுமாவது ஏ.ஏ.சி. பிளாக் கேட்டு வாங்குங்க. உள்ளே நுரை மாதிரி காத்தறைகள் இருக்கறதால செங்கல்லைவிட வெப்பத்தை ரொம்பக் கம்மியா கடத்தும். ஜன்னலுக்கு வெளியே சன்ஷேட் இருக்கணும், உள்ளே கர்ட்டன் போடறது லேட்! கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துட்ட வெயிலைத் துணி என்ன பண்ண முடியும்? இன்னொண்ணு, யூடியூப்ல அமெரிக்காக்காரன் வீட்டைப் பஞ்சு வெச்சுச் சுத்தி இண்டு இடுக்கு எல்லாம் அடைப்பான். அது பனிக்கு. நமக்குக் கடல் ரெண்டு மூணு கிலோமீட்டர்ல இருக்கு. மத்தியானத்துக்கு மேல கிழக்கேயிருந்து வர்ற காத்துக்கு ஜன்னல் வேணும். நமக்கு மேலே மூடணும், பக்கத்துல திறக்கணும்.

மாடி யாருது?

கதைக்கு வருவோம். வெந்து நொந்த அப்பா, "மேல இன்சுலேஷன் போடலாம்"னு அசோசியேஷன் மீட்டிங்ல ஆரம்பிச்சார். அப்போதான் இடி இறங்குச்சு. மொட்டை மாடி எங்களுது இல்லையாம்! எல்லா ஃப்ளாட்டுக்கும் பொதுவாம். சரி, பொதுன்னா செலவும் பொதுதானே? "எங்களுக்குச் சுடலையே சார்!" – முதல் மாடி அங்கிள் ரொம்ப நியாயமா சொன்னார்.

ரெண்டு கோடை அப்படியே ஓடிப்போச்சு. எங்களுக்கு உதவி பண்ணினது வடகிழக்குப் பருவமழை! கான்கிரீட்டும் சூட்டுல நீளும் தெரியுமா? பத்து மீட்டர் ஸ்லாப், 30 டிகிரி சூடு ஏறினா மூணு மில்லிமீட்டர் வரைக்கும் நீளும். ராத்திரி சுருங்கும். தினமும் இந்த ஜிம்னாஸ்டிக்ஸ் நடந்தா என்ன ஆகும்? தளமும் கைப்பிடிச் சுவரும் சேர்ற இடத்துல மயிரிழை விரிசல் விடும். அக்டோபர்ல அந்த விரிசல் வழியா இறங்கின தண்ணி, எங்க வீட்டோட நிக்கலை. ஷாஃப்ட் சுவரோட வழிஞ்சு மூணாவது மாடி பாத்ரூம்ல எட்டிப் பார்த்து, ரெண்டாவது மாடி பெட்ரூம்ல படம் வரைஞ்சுது. அடுத்த மீட்டிங்ல தீர்மானம் ஏகமனதா நிறைவேறிடுச்சு! இன்சுலேஷன் ஸ்லாபுக்கும் சேர்த்துத்தான் குடைங்கறது அப்போதான் எல்லோருக்கும் புரிஞ்சுது.

ஆனா, போட்ட தட்டோட்டைப் பெயர்த்து, வாட்டர்ப்ரூஃபிங்கை மறுபடி செஞ்சு... ஒரே வேலைக்கு ரெண்டு தடவை காசு. கட்டும்போதே ஒப்பந்தத்துல ரெண்டு வரி சேர்த்திருந்தா முடிஞ்சிருக்கும். உங்க வீட்ல பில்டர் அக்ரிமென்ட் மேஜை மேல கிடக்குதா? 'ஸ்பெசிஃபிகேஷன்' பக்கத்தைப் புரட்டிப் பாருங்க. குழாய் எந்தக் கம்பெனின்னு இருக்கும். மாடிக்கு மேல வெறும் 'வெதரிங் கோர்ஸ்'னு ஒரு வரி இருக்கும். அங்கே கை வைங்க.

வாடகை வீடா? பழைய ஃப்ளாட்டா? கவலை வேணாம். நல்ல வெள்ளை பெயின்ட், அதாவது 'கூல் ரூஃப்' வகை அடிச்சாலே வெயிலோட பெரும் பகுதி திரும்பிப் போயிடும். அழுக்கு சேர்ந்தா பலன் குறையும், வருஷத்துக்கு ஒரு தடவை கழுவி விடணும். இதுக்குன்னே 2023-ல தெலங்கானா அரசு தனிக் கொள்கையே கொண்டு வந்தது. தமிழ்நாட்ல 2024-ல வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சாங்க. மேட்டர் அவ்வளவு சீரியஸ்!

ரவுட்டருக்கு ஓர் ஆணி

இப்போ ரெண்டாவது சோகம். ஃபைபர் கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர், வாசக்கதவுக்கு மேல ஓர் ஆணி அடிச்சு ரவுட்டரை மாட்டிட்டு, "சார், ஓகேவா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டார். ஹால்ல பறக்குது. என் ரூமோ கடைசி. நடுவுல லிஃப்ட்டோட கான்கிரீட் சுவர், அப்புறம் டைல்ஸும் பைப்புமா பாத்ரூம். வைஃபை, பாவம், ரேடியோ அலைதானே? கம்பி கட்டின கான்கிரீட்ல முட்டி முட்டி வந்து சேர்றப்போ உயிர் மட்டும்தான் மிச்சம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் ஜாஸ்தி, ஆனா சுவரைத் தாண்டற தெம்பு கம்மி. 2.4 கொஞ்சம் தாண்டும். ஆனா பக்கத்து ஃப்ளாட், எதிர் ஃப்ளாட்னு ஊர் வைஃபை பூரா அதே ரோட்லதான் ஓடுது.

ரிப்பீட்டர் ஒண்ணு வாங்கினேன். சிக்னல் கட்டை ஃபுல்லா காட்டுச்சு, வேகம் பாதியாச்சு! ஒரே வாயால கேட்டு, அதே வாயால திருப்பிச் சொல்ற ஆசாமி அது. சரியான வைத்தியம் ஒண்ணுதான்: ரூமுக்கு கேபிள் இழுத்து, அங்கே தனியா ஒரு ஆக்சஸ் பாயின்ட் வைக்கறது. புதுசா பெயின்ட் அடிச்ச சுவத்துல காடி வெட்டறேன்னு எலக்ட்ரீஷியன் கட்டரை எடுத்ததும் அம்மா போட்ட சத்தம் மந்தைவெளி ஸ்டேஷனுக்கே கேட்டிருக்கும். கடைசியில என்ன? சுவர் ஓரமா நெடுக வெள்ளை பிளாஸ்டிக் பட்டி. அதுக்குப் பின்னாடி இப்போ ஒரு பல்லிக் குடும்பம்.

இதுக்கெல்லாம் மருந்து ஒரு பி.வி.சி. பைப்! ஃபேனுக்கு ஸ்லாப்ல பைப் கட்டறாங்க இல்லே, கான்கிரீட் கொட்டறதுக்கு முதல் நாள் கம்பி மேல? அதோட சேர்த்து நெட்டுக்கும் கட்டிட்டா முடிஞ்சுது வேலை. ஒரு லென்த் பைப் சினிமா டிக்கெட் விலைகூட வராது. ஸ்லாப் போட்ட மறுநாள் கேட்டா, அதே பைப்புக்கு விலை வேற.

ஏன் பைப்பைப் பெரிசா பேசறேன்னா, ஒயர் பழசாகும், பைப் ஆகாது. 1995 ஆகஸ்ட் 15-ல வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தப்போ மெட்ராஸும் லிஸ்ட்ல இருந்தது. அன்னிக்கு வேண்டியிருந்தது டெலிபோன் ஒயர். அப்புறம் பிராட்பேண்ட், அப்புறம் கேட்-5, இப்போ ஃபைபர். அடுத்து என்னன்னு யார் கண்டா? காலியா ஒரு பைப், உள்ளே இழுவைக்கு ஒரு கட்டுக்கம்பி இருந்தா போதும், எது வந்தாலும் கட்டி இழுத்துக்கலாம். 25 மில்லிமீட்டர் பைப்பா இருக்கட்டும். மூலையில சின்ன எல்போ போட விடாதீங்க, நீள வளைவுதான் வேணும். இல்லேன்னா கேபிளும் வராது, ஃபைபரா இருந்தா மடிஞ்ச இடத்துல வெளிச்சம் கசிஞ்சு சிக்னலும் வராது. கரன்ட் ஒயர் போற பைப்லயே இதையும் திணிக்க நம்ம ஆளுங்க ட்ரை பண்ணுவாங்க. கூடவே கூடாது! ஒரு அடி தள்ளியே போகணும். குறுக்கே போக வேண்டி வந்தா நேர் செங்கோணமா தாண்டணும்.

கேபிள் கேட்-6 வாங்குங்க. 100 மீட்டர் வரைக்கும் ஒரு கிகாபிட், 55 மீட்டருக்குள்ள பத்து கிகாபிட்கூட ஓடும். உங்க வீடு அவ்வளவு நீளமா இருந்தா எனக்கும் ஒரு ரூம் கொடுங்க! ரிச்சி ஸ்ட்ரீட்லயோ வேற எங்கேயோ வாங்கும்போது ஒரு விஷயம்: ரொம்ப சல்லிசா கிடைச்சா சந்தேகப்படுங்க. உள்ளே அலுமினியம், மேலே செம்பு முலாம் பூசினதா இருக்கும். நுனியைக் கத்தியால லேசா சுரண்டுங்க, வெள்ளையா தெரிஞ்சா திருப்பிக் கொடுத்துடுங்க. ரூமுக்கு ரெண்டு கேபிள், ஹால் சீலிங்ல ஒண்ணு, டி.வி.க்குப் பின்னால ஒண்ணு, கேட் கேமராவுக்கு ஒண்ணு. எல்லாம் ஒரே பெட்டிக்கு வந்து சேரட்டும். 'பி.ஓ.இ.' ஸ்விட்ச் வெச்சா, டேட்டா போற ஒயர்லயே ஆக்சஸ் பாயின்ட்டுக்குக் கரன்ட்டும் போயிடும். பெட்டிக்கு மட்டும் ஒரு குட்டி யு.பி.எஸ். கொடுத்தா, பவர் கட்லயும் மொத்த வீட்டுக்கும் நெட் ஓடும்.

அந்தப் பெட்டி எங்கே? ஸ்டில்ட்ல வேணவே வேணாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல கீழ்த்தளத்துல இருந்த பெட்டிகள் என்ன கதி ஆச்சுன்னு வேளச்சேரி நண்பர்களைக் கேளுங்க. நாலாவது மாடி லாஃப்ட்டும் வேணாம். இன்சுலேஷன் இல்லாத ஸ்லாபுக்கு ஒரு அடி கீழே ரவுட்டரை வெச்சா, அதுவும் நம்மளை மாதிரியே சூட்டுல சோர்ந்து போகும். காத்து வர்ற இடமா, கையெட்டற உயரத்துல, இரும்பு பீரோவுக்குள்ள இல்லாம இருக்கணும்.

எலியும் பூனையும்

இதுவரைக்கும் ரெண்டையும் தனித்தனியா பேசினோம். அங்கேதான் வில்லங்கம். இன்சுலேஷனும் வைஃபையும் ஒண்ணுக்கொண்ணு ஆகாத பங்காளிங்க! கடையில 'இன்சுலேஷன்'னு கேட்டா, முதல்ல எடுத்துப் போடறது பளபளன்னு அலுமினிய ஃபாயில் ஒட்டின பபிள் ஷீட்டைத்தான். அது வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். கூடவே ரேடியோ அலையையும் திருப்பி அனுப்பிடும்! கூரை, சுவர் எல்லாம் அதைச் சுத்திட்டா, வீட்டுக்குள்ள செல்போன் டவர் காணாமப் போகும். வெயிலைத் தடுக்கற சில கோட்டிங் கண்ணாடியும் இதே ரகம்தான், மேலே இருக்கறது உலோகப் பூச்சு. எக்ஸ்.பி.எஸ்., ஏ.ஏ.சி. பிளாக், பாறைப்பஞ்சு... இதுங்க இப்படி வம்பு பண்ணாது. ஃபாயில்தான் போட்டாகணும்னா, அந்த ரூமுக்குள்ளயே ஒரு கேபிள் கட்டாயம் வரணும். போன்ல 'வைஃபை காலிங்' ஆன் பண்ணிட்டா பேச்சும் அது வழியாவே போயிடும்.

மொட்டை மாடியிலயும் ஒரு சந்திப்பு உண்டு. இன்சுலேஷன், வாட்டர்ப்ரூஃபிங் எல்லாம் அழகா முடிச்சுட்டு, ஆறு மாசம் கழிச்சு சோலார் வைக்க வர்றவர் ட்ரில்லரால நடு மாடியில ஓர் ஓட்டை போடுவார். அடுத்த ஐப்பசியில உங்க தலையில சொட்டும்! ஸ்லாப் போடும்போதே ரெண்டு பைப்பை மேலே நீட்டி, குடைக் கைப்பிடி மாதிரி வளைச்சு விட்டுடுங்க. சோலார், கேமரா, டிஷ் எல்லாம் அது வழியா இறங்கிக்கும். அதனாலதான் ரெண்டு பிளானையும் ஒரே பேப்பர்ல, ஒரே நாள்ல போடணுங்கறேன்.

இவ்வளவையும் மேஸ்திரிகிட்ட வாயால சொன்னா, தலையை ஆட்டிட்டு அவர் வழக்கப்படிதான் செய்வார். வரைஞ்சு கொடுங்க. ஃப்ளோர் பிளானை ஜெராக்ஸ் எடுத்து, சிவப்புப் பேனாவால பைப் ரூட், புள்ளி வெச்சு பாயின்ட்ஸ். ஸ்லாபுக்கு முதல் நாள் காலேஜுக்கு மட்டம் போட்டாவது சைட்ல நில்லுங்க. (அட்டெண்டன்ஸ் பிரச்னைக்கு நான் பொறுப்பில்லை!) பைப் வாயெல்லாம் மூடியிருக்கான்னு பாருங்க. திறந்திருந்தா சிமென்ட் பால் உள்ளே போய் அடைச்சுடும், அப்புறம் அந்தப் பைப் இருந்தும் இல்லாத கணக்குதான்.

சுவர் பூச்சுக்கு முதல் நாள் இன்னொரு விசிட். ஒவ்வொரு சுவத்துலயும் மூலையிலேர்ந்து இன்ச் டேப்பை இழுத்துப் பிடிச்சு, பைப் தெரியற மாதிரி போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. பின்னாடி கர்ட்டன் ராடுக்கு ஓட்டை போட வர்றவர் முதல்ல கேட்கப் போறது அதைத்தான். எங்க வீட்ல அந்த போட்டோ கிடையாது. எந்த இடத்துல பைப் இருக்கோன்னு பயந்துக்கிட்டே, பாத்ரூம் கண்ணாடியை இன்னிக்கு வரைக்கும் தரையிலேயே சாய்ச்சு வெச்சிருக்கோம். அப்பா தினமும் குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் ஷேவ் பண்றார்.